புகார் எழுதிய நாளின் இரவு

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்றுவந்த தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த அதிர்ச்சியில் உறவினரான முதியவர் ஒருவர் உயிரிழந்தார். வெட்ட வந்தவர்கள் சிறார்கள். அவர்களுள் சிலர் அம்மாணவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

நாடறிந்த செய்தி அரிவாளிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அந்த இரவுக்குப் பல நாட்கள் முன்பிருந்தே அம்மாணவர் பள்ளிக்குப் போகவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை, அதுவும் பொதுத்தேர்வு எழுதவேண்டிய ஆண்டில், வகுப்புக்கு வராமல் இருந்தார். காரணம் கேட்கப்பட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. சக மாணவர்கள் சிலர் அவரைத் தொடர்ந்து ஏவல் வாங்கினார்கள், கடைக்குப் போய்வரச் சொன்னார்கள், இழித்துப் பேசினார்கள். பள்ளியில் புகார் எழுதிக் கொடுக்கப்பட்டது. அன்றிரவே வீட்டுக்கு அரிவாள் வந்துவிட்டது.

இந்த வரிசையை நிதானமாகப் பார்க்கவேண்டும். அவமதிப்பு நடந்த நாட்களில் வெட்டு விழவில்லை. ஏவிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தவரை வெட்டு விழவில்லை. பொறுக்கமாட்டாமல் வீட்டிலேயே முடங்கியபோதும் விழவில்லை. 'எனக்கு இப்படி நடக்கிறது' என்று அவர் வாய்திறந்த நாளில்தான் விழுந்தது.

அன்றாட அவமதிப்பு பெருந்தீங்காக மாறுவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஓர் ஏணியைக் கற்பனை செய்கிறோம். முதலில் கேலி, பிறகு ஒதுக்கல், அடுத்து அடி, கடைசியில் கொலை எனப் படிப்படியாக முற்றும் என்று எண்ணுகிறோம். சாதியின் இயக்கம் அப்படிப்பட்டதன்று. தனி டம்ளர் ஒரு தலைமுறை முழுவதும் தனி டம்ளராகவே இருக்கக்கூடும். கடைசி பெஞ்சு பன்னிரண்டு ஆண்டுகளும் கடைசி பெஞ்சாகவே நீடிக்கக்கூடும். பணிவு கிடைத்துக்கொண்டிருக்கும்வரை சிறிய அவமதிப்பு சிறியதாகவே இருக்கும். ஊரும் பள்ளியும் அதற்கு 'இணக்கம்' என்று பெயர் சூட்டிவைத்திருக்கின்றன. பணிய மறுக்கும் கணத்தில்தான் அதன் உண்மையான எடை தெரியவருகிறது.

மறுப்பு என்பது எப்போதும் புகாராக இருக்கவேண்டியதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். அவருடைய கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் வென்றதுதான் காரணம் என்றனர் குடும்பத்தார். விளையாட்டில் ஒருவன் வெல்வதும் தோற்பதும் இயல்பு. ஆனால் 'உன் இடம் இது' என்று நாள்தோறும் பாடம் நடத்தியவர்களுக்கு, அந்தப் பாடத்தைப் படிக்காத ஒருவனின் வெற்றி ஆணவமாகத் தெரிகிறது.

சிறியவற்றின் வேலை

அப்படியானால் அந்தச் சிறிய அவமதிப்புகள் என்ன வேலை செய்கின்றன?

முதலாவதாக, அவை ஒரு சோதனை. கயிறு கட்டிய கை இன்னொருவனின் பையைப் பிடுங்கும்போது, பிடுங்குபவன் பார்ப்பது பையை அன்று. சுற்றியுள்ள முகங்களைப் பார்க்கிறான். ஆசிரியர் தலையை நிமிர்த்தினாரா? பிற மாணவர்கள் சிரித்தார்களா? எவரும் எதுவும் சொல்லவில்லையெனில் அவனுக்கு ஓர் அனுமதிச்சீட்டு கிடைத்துவிடுகிறது. இப்படி நூறு சீட்டுகள் சேர்ந்த பிறகுதான் ஒருவன் துணிந்து அரிவாளோடு இன்னொருவனின் வீட்டு வாசலை மிதிக்கிறான். பதினேழு வயதில் அந்தத் துணிச்சல் வானத்திலிருந்து விழுந்திருக்க முடியாது.

இரண்டாவதாக, அவை அவமதிக்கப்படுபவரைத் தனியாளாக்குகின்றன. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் தம் சதாரா பள்ளி நாட்களைப் பதிவுசெய்திருக்கிறார். வகுப்பில் அமர அவருக்கெனத் தனிச் சாக்குத்துணி. மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டும். காலையில் மீண்டும் கொண்டுவரவேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் ஊழியர்கூட அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்க முடியாது. பியூன் திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு, அவர் வராத நாளில் இல்லை. இதில் எவரும் அவரை அடிக்கவில்லை. திட்டியதாகக்கூட அந்த இடத்தில் அவர் எழுதவில்லை. ஒரு சிறுவனின் தாகத்தை இன்னொருவரின் வருகைப் பதிவேட்டோடு கட்டிவைத்துவிட்டது ஓர் ஏற்பாடு, அவ்வளவே. அந்த ஏற்பாட்டை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டுமானால் யாரிடம் போவது? பியூனிடமா, ஆசிரியரிடமா?

மூன்றாவதாக, அவை தடயம் விடுவதில்லை. இது சட்டத்தோடு தொடர்புடையது; சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொதுவெளியில் பிறர் காண இழிவுபடுத்துவதும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். பொது நீர்நிலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வெளிப்படையாகக் குற்றப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் இழிவுபடுத்தல் 'பிறர் காண' நடந்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது.

விடுதி அறைக்கும் ஆய்வகத்துக்கும் நான்கு சுவர்கள்தாம் இருக்கின்றன. மேலும் இன்றைய படித்த சாதியம் வசைச்சொல்லைப் பயன்படுத்துவது குறைவு. ஒருவர் வந்து அமர்ந்ததும் எழுந்து வேறு மேசைக்குப் போவது, குழுவில் சேர்க்காமல் விடுவது, 'உன் ரேங்க் என்ன?' என்று புன்னகையோடு கேட்பது எனச் சொல்லில்லாத, சொன்னாலும் குற்றமாகாத முறைகள் அதற்கு ஏராளம். ஐஐடிகளில் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கான சுற்றுவழி என்பதை அங்கே படித்த தலித், பழங்குடி மாணவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தனர். 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியின் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நிறுவனம் அமைத்த குழு, பாகுபாடு நடந்ததற்குச் சான்றில்லை என்றது. அதே நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில், மாணவர்கள் ஒருவரையொருவர் தரவரிசை கேட்பது முறையன்று என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சான்றில்லாத ஒன்றுக்கு எதற்காக வழிகாட்டுதல் என்ற கேள்வியை அக்குழுவிடம் எவரேனும் கேட்டிருக்கலாம்.

நான் படித்த பள்ளியிலும் கல்வி உதவித்தொகைக்கான பட்டியலை வகுப்பறையில் உரக்க வாசிப்பார்கள். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்கவேண்டும். ஆசிரியருக்கு அதில் எந்தத் தீய எண்ணமும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. அது அவருக்கு ஐந்து நிமிட அலுவல். அடுத்த நாளிலிருந்து மதிய உணவின்போது யார் யாருடைய டப்பாவில் கைவைக்கலாம் என்பது மாறிவிட்டது. உதவித்தொகை விவரங்களைப் பிற மாணவர் அறியாதவாறு கையாளவேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்திருப்பதைப் படித்தபோது அந்த ஐந்து நிமிடங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

தீங்கு உள்நோக்கித் திரும்பும்போது

நாங்குநேரியில் தீங்கு அரிவாளாக வெளியிலிருந்து வந்தது. உயர்கல்வி நிறுவனங்களில் அது வேறு வடிவில் வருகிறது. ஆனால் திருப்பம் நிகழும் இடம் மட்டும் மாறுவதில்லை: புகார்.

மருத்துவர் பாயல் தட்வி, தட்வி பில் என்னும் பழங்குடி முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். மும்பை டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ முதுகலை மாணவி. வயது 26. மூத்த மாணவியர் மூவர் தம்மைத் தொடர்ந்து இழிவுபடுத்துவதாக வீட்டாரிடம் சொல்லிவந்தார். நோயாளிகளின் முன்னிலையில் திட்டுவது, பிரசவம் பார்க்கும் வாய்ப்பைத் தராமல் எழுத்து வேலைக்குத் தள்ளுவது, அவருடைய படுக்கை விரிப்பில் கால் துடைப்பது ஆகியன குடும்பத்தார் சுமத்திய குற்றச்சாட்டுகளில் சில. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இவற்றை மறுத்துள்ளனர்.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தால், எந்த நிர்வாகியும் 'இதெல்லாம் முதுகலை மருத்துவப் படிப்பில் சகஜம்' என்று சொல்லிவிடக்கூடும். பிரசவம் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்படுவது ஒரு மகப்பேறு மருத்துவருக்கு எதைக் குறிக்கிறது என்பது அந்த நிர்வாகிக்குத் தெரியாததன்று. அது அவர் கற்க வந்த தொழிலையே அவர் கையில் தராமல் இருப்பது.

குடும்பத்தார் துறையிடம் சும்மா இருந்துவிடவில்லை. 2018 இறுதியில் முறையிட்டதும் பாயல் சில காலம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். பின்னர் பழைய பிரிவுக்கே திரும்ப நேர்ந்தது. 2019 மே மாதத்தில் மீண்டும் முறையிட்டனர். மே 22 அன்று அவர் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். இடம் மாற்றப்பட்டவர் யார் என்பதைக் கவனியுங்கள். முறையிட்டவர்தான். முறையீட்டுக்கு ஆளானவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இது ஒரு கல்லூரியின் விசித்திரம் என்று கருதினால் தவறு. பள்ளியில் பெஞ்சு மாற்றப்படுவதும், அலுவலகத்தில் பிரிவு மாற்றப்படுவதும், ஊரில் குடிபெயர்வதும் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள்தாம்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கும் அவருடைய நண்பர்கள் நால்வருக்கும் நேர்ந்ததில் ஒதுக்கல் ஓர் ஆணையாகவே பிறப்பிக்கப்பட்டது. விடுதியில் தங்கத் தடை. வளாகத்தின் பொது இடங்களில் குழுவாக நடமாடத் தடை. மாணவர் தேர்தலில் பங்கேற்கத் தடை. ரோஹித்துக்கு உதவித்தொகையும் பல மாதங்களாக வந்துசேரவில்லை. ஊரில் செய்யப்படும் விலக்கை ஒரு பல்கலைக்கழகத்தின் அலுவல்மொழியில் எழுதினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அந்த ஆணை. அறையைக் காலிசெய்த ஐவரும் வளாகத்தில் கூடாரமிட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டனர். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் தலித் குடியிருப்பைக் குறிக்கும் சொல் அது. நம் மொழியில் சேரி. தமக்குச் செய்யப்பட்டது என்னவென்பதை அவர்கள் மிகச் சரியாகப் பெயரிட்டார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் இறந்தார்.

ராதிகா வெமுலாவும் ஆபேதா தட்வியும், பிள்ளைகளை இழந்த இரு தாய்மார்கள், 2019இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் அவர்கள் முன்வைத்த கேள்வி எளிமையானது: பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே பாகுபாட்டுக்கு எதிரான விதிமுறைகளை வகுத்திருந்ததே, அவை எங்கே போயின? ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்கவேண்டும் என்பது அந்த விதி. இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் கல்லூரியில் அந்த அலுவலரின் பெயர் என்ன என்று நாளை அலுவலகத்தில் கேட்டுப்பார்க்கலாம்.

புகாருக்குப் பிந்தைய மணிநேரங்கள்

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையை அவர் முதலமைச்சரிடம் அளித்தார். பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், வண்ணக் கயிறுகளுக்கும் மோதிரங்களுக்கும் நெற்றிக்குறிகளுக்கும் தடை, அகரவரிசையில் இருக்கைகள், பள்ளி நல அலுவலர் நியமனம் எனப் பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன.

நெற்றிக்குறியையும் கயிற்றையும் பற்றிய பரிந்துரைதான் உடனே சர்ச்சைக்குள்ளானது. அது புதிதும் அன்று. 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநர் இதே கயிறுகள் குறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என நிறவாரியாகக் கட்டப்படும் கயிறுகள் சாதியைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கவேண்டும் என்றது அது. எதிர்ப்பு எழுந்ததும், தமக்குத் தெரியாமல் அது அனுப்பப்பட்டதாகவும் பழைய நிலையே தொடரும் என்றும் அன்றைய அமைச்சர் அறிவித்தார். பழைய நிலை தொடர்ந்தது. நாங்குநேரி நடந்தது நான்கு ஆண்டுகள் கழித்து.

கயிறு வெறும் நூல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி மைதானத்தில் யாரை ஏவலாம், யாரை ஏவக்கூடாது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும் நூல் அது. கயிறில்லாத மணிக்கட்டும் அங்கே ஓர் அடையாளமாகிவிடுகிறது.

ஆயினும் என் கருத்தில் இந்தப் பரிந்துரைகளையெல்லாம்விட அவசரமானது, புகார் கொடுத்த முதல் சில மணிநேரங்கள் பற்றிய தெளிவு. பள்ளிகளில் வழக்கமாக நடப்பது எல்லோரும் அறிந்ததே. புகார் வந்ததும் 'இரு தரப்பையும்' அழைப்பார்கள். இரு தரப்பு என்று சொல்லும்போதே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அவமதித்தவரும் அவமதிக்கப்பட்டவரும் ஒரு சண்டையின் இரு முனைகளாகிவிடுகிறார்கள். பிறகு கைகுலுக்கச் சொல்வார்கள், கண்டித்து அனுப்புவார்கள். புகார் தந்தவரும் புகாருக்கு ஆளானவர்களும் அதே மாலையில் அதே பேருந்தில் ஊர் திரும்புவார்கள். புகாரின் செய்தி குற்றம் செய்தவர்களிடம் முழுமையாகப் போய்ச்சேர்ந்திருக்கும். பாதுகாப்பு மட்டும் எவரிடமும் போய்ச்சேர்ந்திருக்காது.

சட்டம் இதை எண்ணிப்பார்க்காமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் அவரைச் சார்ந்தோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்கிறது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய முன்விசாரணை தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2020இல் அதை உறுதிசெய்தது. தலித், பழங்குடி அல்லாத அரசு ஊழியர் இச்சட்டப்படியான தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 4ஆம் பிரிவு அவரையும் தண்டிக்கிறது. கல்லூரிகளைப் பொறுத்தவரை, ராகிங் தடுப்பு விதிமுறைகளில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், சாதியின் பெயரால் ஒரு மாணவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் ராகிங் என்றே வரையறுக்கிறது. ஒதுக்கிவைத்தல் என்ற சொல்லே விதியில் இருக்கிறது என்பதை மாணவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. முதல்வர்களில் சிலரும் அறிந்ததாகத் தெரியவில்லை.

களத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இங்கே நிறைய இருக்கிறது. தடயம் விடாத அவமதிப்புக்குத் தடயத்தை நாமே உண்டாக்கவேண்டும்: நாள், இடம், உடனிருந்தவர் யார், என்ன நடந்தது என்பதை அன்றன்றே எழுதிவைப்பது பின்னாளில் வழக்கையே தாங்கி நிற்கும். ஒரு மாணவர் காரணமின்றிப் பள்ளிக்கு வருவதை நிறுத்தினால் அதையே முதல் புகாராகக் கொள்ளவேண்டும். புகார் தருவதற்கு முன்னதாகவே, அன்று மாலை அவர் எந்த வழியில் வீடு திரும்புவார், இரவு வீட்டில் உடன் யார் இருப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். காவல்நிலையத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. மனம் உடைந்து நிற்கும் ஒருவருடன் பேச 14416 எப்போதும் இயங்குகிறது.

ஆசிரியர்களில் பலர் நல்லவர்கள். புகாரை எழுதி வாங்குவதே நேர்மையான செயல்தான். அதைக்கூடச் செய்யாத பள்ளிகள் எத்தனையோ. ஆனால் பாதுகாப்பில்லாமல் வாங்கப்படும் புகார், தந்தவரின் பெயரையும் முகவரியையும் எதிரியின் கையில் கொடுப்பதாக முடிந்துவிடுகிறது. இதை அறிந்த பெற்றோர் பலர் 'புகார் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடி' என்று சொல்வதைக் கோழைத்தனம் என்று நாம் கடிந்துகொள்ள முடியாது. அவர்கள் ஊரை நன்றாகக் கணித்திருக்கிறார்கள்.

நாங்குநேரி மாணவர் மருத்துவமனையில் இருந்தபடியே தேர்வுகளுக்கு ஆயத்தமானார். 2024 மே மாதம் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவில் 600க்கு 469 மதிப்பெண்கள் பெற்றிருந்தார். அதற்குள் அந்தக் குடும்பம் நாங்குநேரியை விட்டுத் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.